வண்டியை எங்கே நிறுத்துவது?

சென்ற மாதம் ஒரு தம்பி பார்க்க வந்திருந்தான். பொறியியல் முடித்துவிட்டு கோவில்பட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து நாலு மாசம் ஆகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கிடந்தே படித்தவன். விடுதிச் சோற்றில் புழு கிடந்ததுண்டு, கக்கூஸில் தண்ணி வராததுண்டு. ஆனால் 'நீங்க என்ன ஆளுக' என்று யாரும் கேட்கத் தேவையில்லாத இடம் அது. இப்போதுதான் முதன்முதலாக வாடகைக்கு வீடு தேடுகிறான். தேடித் தேடி அலுத்துப்போய் கடைசியில் ஒரு யோசனையோடு வந்திருந்தான்.

செல்போனில் ஒரு படம் காட்டினான். வெள்ளைக்காரப் புருசன் பெண்டாட்டி. ஒரு வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி, புத்தகம் வைக்கச் சின்னதாய் ஒரு பலகை. ஜன்னலைத் திறந்தால் கடல். 'நாங்கள் வாடகை கொடுப்பதை நிறுத்தி மூன்று வருசம் ஆகிறது' என்று சிரிக்கிறார்கள்.

"அண்ணே, பழைய வேன் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா வாடகையும் கிடையாது, கேள்வியும் கிடையாது. என்ன சொல்லுதீக?"

சிரித்துவிட்டேன். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நடிகர் முகத்துக்கு மாவு பூசுகிற வண்டி. 'நீ எப்பப்பா நடிகனான' என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அவன் போன பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது. அந்த வெள்ளைக்காரர்களுக்கு வாடகை ஒன்றுதான் பிரச்சினை. நம் பையன் இரண்டு சொன்னான். வாடகை, கேள்வி. வாடகை கொடுக்க அவனிடம் சம்பளம் இருக்கிறது. வண்டி வாங்கச் சொல்வது கேள்விதான்.

அந்தக் கேள்வி என்னவென்று இதைப் படிக்கும் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் அதை நேராகக் கேட்பதில்லை. "சாருக்குப் பூர்வீகம் எது?" ஊர் பெயரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" கரிசல் கிராமங்களில் தெருவுக்குப் பேரே திசைதான். வடக்குத் தெரு, மேலத்தெரு, கீழத்தெரு. திசையைச் சொன்னால் சாதியைச் சொன்னது மாதிரி. அதற்கும் பிடிகொடுக்காவிட்டால் "குலசாமி எங்க இருக்கு?" அதற்கும் மழுப்பினால் "கறி மீன் உண்டுமா?" கேட்கிறவர் வீட்டுக்குள்ளிருந்தே கருவாட்டு வாசம் வரும். கடைசியில் "மகன் மெட்ராஸ்லருந்து வாரான், வீட்ட நாங்களே வச்சுக்கிடுதோம்." அந்த மகன் இன்றுவரை வரவில்லை. வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

ஆறு வருசத்துக்கு முன் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது நான் பதினாலு வீடு பார்த்தேன். வங்கிக் குமாஸ்தா. மாதாமாதம் சம்பளச் சீட்டில் வீட்டு வாடகைப்படி என்று ஒரு வரி அச்சாகி வருகிறது. படி இருக்கிறது, அதைக் கொடுத்துக் குடியிருக்க வீடு இல்லை. காலையில் என்னிடம் 'சார், பாஸ்புக் என்ட்ரி போட்டுத் தாங்க' என்று குழைந்து நின்றவரே சாயங்காலம் தன் வீட்டு வாசலில் வைத்து 'எந்தத் தெரு' என்று கேட்டார்.

பதினைந்தாவது வீடு கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதை எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும். பூர்வீகம் என்று அம்மா பிறந்த ஊரைச் சொன்னேன், அது அவருக்குத் தெரியாத ஊர். சாமான் ஏற்றும்போது அம்பேத்கர் படத்தை ஒரு போர்வைக்குள் மடித்து, முகம் உள்பக்கம் இருக்கும்படி வைத்து, மேலே தலையணைகளைப் போட்டுக் கட்டினேன். வீட்டுக்குள் போய்க் கட்டைப் பிரித்த அம்மா படத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "ஏன்டா அவர இப்படி மூச்சு முட்ட வச்சிருக்க?"

கவிதை எழுதுகிறவன் என்று பெயர். அந்தக் கேள்வியை வைத்து ஒரு வரி எழுத முடியவில்லை இன்றுவரை.

அந்தப் படத்தில் இருக்கிறவருக்கும் இதே கதை நடந்தது. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, தன் படிப்புக்குப் பணம் கொடுத்த பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்கிறார். ஊரில் தங்க இடமில்லை. இந்து விடுதி எதுவும் தீண்டப்படாதவனைச் சேர்க்காது. பார்சிகளின் சத்திரம் ஒன்று இருக்கிறது. ஆனால் பார்சி அல்லாதவரைப் பதிவேட்டில் எழுத முடியாது. சத்திரக் காப்பாளரே வழி சொல்கிறார்: ஒரு பார்சிப் பெயரில் எழுதிக்கொள்வோம். சாப்பாடும் தங்கலும் சேர்த்து நாளைக்கு ஒன்றரை ரூபாய். தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்த மாடிக் கூடம், இரவுக்கு ஒரு அரிக்கேன் விளக்கு, பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. பதினோராம் நாள் காலை ஒரு டஜன் பார்சிகள் கையில் தடியோடு மாடியேறி வருகிறார்கள். சாயங்காலத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அவர் இரண்டு நண்பர்களிடம் கேட்டுப் பார்க்கிறார். ஒருவர் இந்து. நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். இன்னொருவர் கிறித்தவர். மனைவியைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்கிறார். பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை கமாட்டி பாக் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார், கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர். இதையெல்லாம் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற சிறு நூலில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் காலமான பிறகே அது அச்சில் வந்தது.

நான் இதில் திரும்பத் திரும்ப யோசிப்பது தடியோடு வந்தவர்களைப் பற்றி இல்லை. அந்தப் பத்து நாட்களைப் பற்றி. வேறொருவன் பெயருக்குள் படுத்து எழுந்த பத்து நாட்கள். தம்பி வாங்க நினைக்கும் வேனும் எனக்கு அப்படித்தான் படுகிறது. சக்கரம் மாட்டிய பார்சிப் பெயர்.

சரி, வாங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். வண்டியைப் பதிவு செய்ய விலாசச் சான்று வேண்டும். வீடு கிடைக்காதவன் வீட்டு வண்டி வாங்க வீட்டு விலாசம் வேண்டும்! வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். இதெல்லாம் காகிதம், எப்படியோ முடித்துவிடலாம். தண்ணீர்? சீவலப்பேரியிலிருந்து குழாயில் தாமிரபரணி வந்து சேர வேண்டிய ஊர் இது. வீட்டு இணைப்பு உள்ளவனே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நாள் எண்ணுகிறான். வேன்காரனுக்கு எந்தக் குழாய்? இந்த யோசனையை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி ஒரே கேள்விதான் கேட்டாள். "காலையில எந்திரிச்சா எங்க போக? வேலிக்காட்டுக்கா? எங்க அம்மா போனா. நான் போகமாட்டேன்."

அப்புறம் நிறுத்துகிற இடம். கிராமத்துப் பக்கம் போனால் புஞ்சை ஒருத்தனுடையது, ஓடை ஒருத்தனுடையதாக ஆக்கப்பட்டுவிட்டது, மந்தை ஊருக்குப் பொது, ஊர் என்றால் நாம் இல்லை. நாற்கரச் சாலை ஓரத்தில் லாரிகளோடு லாரியாய் ஒரு ராத்திரி நிற்கலாம். ரெண்டாவது ராத்திரி போலீஸ் வரும், "எந்த ஊருடா?" மறுபடியும் அதே கேள்வி, இந்தத் தடவை 'டா' சேர்த்து. ஐப்பசி மழையில் தெரியாத்தனமாய் கரிசலுக்குள் இறக்கிவிட்டால் கதை முடிந்தது. அச்சு வரை முங்கும். தள்ளிவிட வருகிறவர்கள் தள்ளுவதற்கு முன்னால் கேட்பார்கள்.

வண்டி இருந்தும் நிறுத்த இடமில்லாமல் அலைந்த ஒரு சனம் உலகத்தில் உண்டு. அமெரிக்கக் கறுப்பர்களில் காசு சேர்ந்தவர்கள் கார் வாங்கினார்கள். தனிப்பெட்டி ரயிலிலும் பஸ்சின் பின்சீட்டிலும் அவமானப்படுவதற்குக் கார் மேல் என்று வாங்கினார்கள். கார் ஓடும்வரை பிரச்சினை இல்லை. ராத்திரி எங்கே படுப்பது? பெட்ரோல் எங்கே கொடுப்பார்கள்? பொழுது சாய்ந்தபின் கறுப்பன் நிற்கக்கூடாது என்று எழுதாத சட்டம் போட்ட ஊர்கள் எத்தனையோ இருந்தன. விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936இல் ஒரு கையேடு போட ஆரம்பித்தார். எந்த ஊரில் எந்த வீட்டில் கறுப்பருக்கு இடம் கிடைக்கும் என்ற பட்டியல். முப்பது வருசம் அந்தப் புத்தகம் வந்தது. 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்து, விடுதிகள் நிறத்தைச் சொல்லி மறுக்கக்கூடாது என்று ஆன பிறகுதான் அதற்குத் தேவை குறைந்து நின்றது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் வீட்டுரிமைச் சட்டமும் வந்தது. நிறத்தையோ மதத்தையோ காட்டி வாடகைக்கு மறுப்பது குற்றம். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகத்தில் வருகிறவர்கள் 2008 வீழ்ச்சிக்குப் பிறகு வேனுக்குள் குடியேறிய கிழவன் கிழவிகள், சீசனுக்குச் சீசன் அமேசான் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்கள். அது படமாகி 2021இல் ஆஸ்கார் வாங்கியது. நம் பையன் செல்போனில் பார்த்த கடல் ஜன்னலுக்குப் பின்னால் இந்தக் கிழவிகளும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். முன்பின் தெரியாத ஊரில் ராத்திரி வண்டியை ஓரங்கட்டித் தூங்குவதற்கும் ஒரு நிறம் வேண்டியிருக்கிறது.

'இதுக்கு ஏன் அல்லாடணும், சொந்தமா ஒரு வீட்டக் கட்டிக்கிட வேண்டியதுதான' என்பார்கள் நல்ல மனசுக்காரர்கள். வங்கிக் கவுண்டருக்குள் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன், கேளுங்கள். வேன் வாங்கக் கடன் கேட்டால் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு வாரத்துக்குள் கொடுத்துவிடுவார்கள். காலனியில் அரசு கொடுத்த மனையில் வீடு கட்டக் கடன் கேட்டுப் பாருங்கள். அது நிபந்தனைப் பட்டா, இத்தனை வருசத்துக்கு விற்கக்கூடாது என்று எழுதியிருக்கும், விற்க முடியாததை ஈடாக வாங்கி வங்கி என்ன செய்யும் என்று பைலை மூடுவார்கள். ராவோடு ராவாக ஓடிப்போகக்கூடிய வண்டிக்குக் கடன் உண்டு. நின்ற இடத்திலேயே நிற்கிற மனைக்குக் கடன் இல்லை. இந்தக் கூத்தை நான் தினமும் முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

கடன் இல்லாமல் கட்டினவர்களும் உண்டு. ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியங்குளத்தில் வளைகுடாவுக்குப் போய் உழைத்த காசில் கட்டினார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் அந்த ஊருக்குள் புகுந்து எதைத் தேடி உடைத்தார்கள்? டி.வி.யை, தையல் மிஷினை, சைக்கிளை. எதைத் தேடிக் கொளுத்தினார்கள்? படிப்புச் சான்றிதழ்களை, பாஸ்போர்ட்டுகளை. குடிக்கிற கிணற்றையும் விடவில்லை. குடிசையாக இருந்தவரை யார் கண்ணையும் அந்த ஊர் உறுத்தியதில்லை.

ஆகவே நாம் சட்டத்தின் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். சட்டம் இல்லை என்றுதான் நானும் பலகாலம் நினைத்திருந்தேன். 1960ஆம் வருசத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வீடு காலியானால் ஏழு நாளுக்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், அதை அரசு தன் ஊழியருக்கு ஒதுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. வீட்டுக்காரன் முகம் பார்த்துத் தேர்வு செய்யும் உரிமைக்கு அரைகுறையாகவாவது ஒரு கடிவாளம். 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டது. முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எப்படி என்று எல்லாம் பேசுகிறது, சாதி சொல்லி மறுப்பதைப் பற்றிப் பேசவில்லை. உச்ச நீதிமன்றத்தையும் பார்ப்போம். 2005இல் அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினராக ஒரு சமூகத்தாரை மட்டுமே சேர்க்கும் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அது பார்சிகளின் சங்கம். பரோடாச் சத்திரத்துப் பதிவேடு 88 வருசம் கழித்து நீதிமன்ற முத்திரையோடு திரும்பி வந்த மாதிரி இருந்தது, அதைப் படித்தபோது.

ஆனால் 1955ஆம் வருசத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று, முதலில் தீண்டாமைக் குற்றச் சட்டம் என்ற பெயரில் வந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 4ஆவது பிரிவில் எட்டாவதாக ஒரு வரி. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை, நூறிலிருந்து ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். இதைவிட முக்கியம் 12ஆவது பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையின் பேரால்தான் அந்தக் குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பாடு. 'மகன் வாரான்' என்றவர் மகனைக் கொண்டுவந்து காட்டட்டும்! 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றமாகச் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் போட்டபோது வீட்டு வாடகையையும் சேர்த்தது, நாம் கைதட்டினோம். நம் வீட்டுப் பரணில் 1955இலிருந்து ஒரு ஆயுதம் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதை எடுக்காததற்கு நாமும் காரணம். நான் காரணம். பதினாலு வாசலில் ஒரு வாசலைப் பற்றிக்கூட நான் புகார் எழுதவில்லை. பதினைந்தாவது வாசலைத் தேடிப் போனேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், சில தோழர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். நம்மில் ஒருவர் மச்சு எடுத்துக் கட்டி மாடியை வாடகைக்கு விட்டார். நகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கும் அருந்ததியர் குடும்பம் ஒன்று கேட்டு வந்தது. முன்பணம் கையில் வைத்திருந்தார்கள். நம்மவர் சொன்ன பதில், "மகன் மெட்ராஸ்லருந்து வாரான்." கூட்டங்களில் கைதூக்கி முழக்கம் போடுகிறவர்தான். மேலே சொன்ன 1955 சட்டம் 'யாராயினும்' என்றுதான் ஆரம்பிக்கிறது, அது அவரையும் சேர்த்துத்தான்.

தில்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் ஒரு சோதனை செய்து 2015இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம், பெயர் மட்டும் வேறு. சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று ஆள் அனுப்பி வாடகைக்கு வீடு கேட்டார்கள். பெயரைப் பார்த்துக் கதவு எப்படி மூடுகிறது என்று எழுத்தில் பதிவானது. தில்லியில் பேராசிரியர்கள் செய்ததைக் கோவில்பட்டியில் நாம் செய்ய முடியாதா? பெரிய செலவு இல்லை. ரெண்டு பேர், ஒரே சம்பளச் சீட்டு, ஒரு நோட்டு. முதலில் நம் தோழர் போய்க் கேட்க வேண்டும், ஊரும் தெருவும் மறைக்காமல். அரைமணி கழித்து சாதி இந்துத் தோழர் ஒருவர் அதே வாசலில் போய்க் கேட்க வேண்டும். யார் எந்த மணிக்கு என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்னது சொன்னபடி, கொச்சை மாறாமல் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாதி இந்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: மேடையில் எங்களோடு உட்கார்வதைவிட இது கொஞ்சம் கஷ்டமான வேலை. வீட்டுக்காரர் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார், அதைக் கேட்டு எழுத வேண்டும். நம் வீட்டு மாடிகளிலும் இதே சோதனை நடக்கும், அருந்ததியர் தோழர்கள் இருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வழக்கறிஞர் தோழர் ஒருவர் நோட்டைப் படித்துப் பார்த்து, எதை வைத்துப் புகார் கொடுக்கலாம் என்று சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் வாசலுக்கு வாசல் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்க ஆரம்பிக்கும். முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் கூடுகிறோம். வர நினைக்கிற தோழர்கள் முன்கூட்டியே கடிதம் போடுங்கள். தம்பியும் வருகிறான். வேன்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறானாம், ஆவணி முடிகிறவரை வண்டியை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாமென்று. அவன் சொன்னதைச் சொல்லிவிட்டேன். நோட்டு வாங்குகிற வேலையை அவனிடமே கொடுத்திருக்கிறேன், இருநூறு பக்கம்.